சத்தமில்லாமல் நூறு கேள்வி

பால்மாப் பைக்கெட்டில்தான் ஹஸீனாவின் நாள் தொடங்கும். "நிறை நானூறு கிராம். ஈரமில்லாத இடத்தில வைக்கவும். திகதி இன்னும் ஆறு மாசம் கிடக்கு." அடுத்தது மருந்துப் பெட்டி. அதற்கடுத்தது சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டு. மூன்று மாதத்துக்கு முந்திய மரண அறிவித்தல் என்றாலும் விடமாட்டாள். பிள்ளைகள், மருமக்கள், அடக்கம் நடந்த நேரம் வரை வாசித்து, "நமக்குத் தெரிஞ்ச ஆக்கள் இல்ல" என்று முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவள் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. காத்தான்குடியில் வாவிப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் தபாற்கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். எழுத்தைக் கண்ணால் வாசிக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. எனக்கென்று வந்து வாய்த்த அயல் இது!

ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. புருஷன் மஜீட் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடியவர். சீனி வருத்தத்தை ஒரு நோயாகவே எண்ணாமல் பதினைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் எட்டு மாத இடைவெளியில் இரண்டு கண்ணும் போயின. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் வரும் எழுத்து எதுவானாலும் ஹஸீனாவின் வாய் வழியாகத்தான் அவரிடம் போகும். வட்ஸ்அப் செய்தி, கரண்ட் பில், பிஸ்கட் பெட்டி, தேர்தல் நோட்டீஸ், எல்லாமே. ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசித்து, உடனே தமிழில் ஒரு தடவை சொல்லுவாள். கட்டிலில் இருந்து அவரும் ஏதாவது பதில் சொல்லுவார். பதில் சொல்லாவிட்டால், "கேட்டிங்களா?" என்று மறுகா ஒரு தடவை வாசிப்பாள்.

வயது நாற்பத்தொன்று. ஆள் கட்டை, நடை வேகம். பேனையைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். அது முக்காட்டுக்குள் காதோரம் செருகியிருக்கும். உயர்தரத்தில் பயோ படித்தும் கெம்பஸில் இடம் கிடைக்காமல் போனவள். ஒரு தனியார் டிஸ்பென்சரியில் ஆறு வருடம் நோயாளிகளுக்குத் துண்டு எழுதியும் மருந்து கட்டியும் கொடுத்தவள். மஜீட்டின் கண் போனதும் அந்த வேலையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் புதுப் படிப்பு ஒன்றைத் தொடங்கினாள்.

படிப்பு என்னவென்று முதலில் எனக்கு மண்டையில் ஏறவில்லை. என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுபவள், அவளே விளக்கினாள். "அமெரிக்காவில ஒரு ஆள் வருத்தமெண்டு டொக்டர்ட்ட போனா, டொக்டர் எழுதுறத நாங்க நம்பரா மாத்தோணும் ராத்தா. ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு நம்பர் இரிக்கி. அந்த நம்பரப் பாத்துத்தான் இன்சூரன்ஸ்காரன் ஆசுபத்திரிக்குச் சல்லி குடுப்பான்." பாடம் நடத்துவது கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மிஸ். வகுப்பு இணையத்தில். இணையம் என் வீட்டு வைபை. மத்தியான லுஹர் தொழுகை முடிந்து துஆ கேட்பதையும் அவள் வாய்விட்டுத்தான் கேட்பாள். "யா அல்லாஹ், ஷாகிரா ராத்தாட வைபைல பறக்கத்தப் போடு" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். என் உயிருக்குக்கூட இவ்வளவு உருக்கமாக யாரும் துஆ கேட்டதில்லை.

பால்மாப் பைக்கெட்டைத் தாங்கலாம். வருத்தங்களை எப்படித் தாங்குவது? காலை எட்டு மணிக்குத் தொடங்கும். அவள் ஈரல் என்றால் எனக்கு வலது விலாவில் ஏதோ செய்யும். முதுகெலும்பு என்றால் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். ஒரு நாள் கால் விறைப்பு, எரிவு, செருப்புக் கழன்றாலும் தெரியாமல் போவது என்று வரிசையாக வாசித்துக்கொண்டே போனாள். குனிந்து பார்க்கிறேன், என் இடது செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, நான் குசினியில் அடுப்புக்கிட்ட நிற்கிறேன். அடுத்த நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் சீனி இருநூற்று எண்பது. "நல்ல நேரத்துக்கு வந்திரிக்கிங்க" என்றார் டொக்டர். இரண்டு காலோடும் நான் இன்றைக்கு நடமாடுவது அவளுடைய வாயால்தான். சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

அவள் படிக்கப் படிக்க மஜீட்டும் படித்தார். நம்பர்கள் அவருக்கு லொறி இலக்கம்போல மனதில் நின்றன. ஒழுங்கையில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், "எம் ஐம்பத்தி நாலு" என்பார். எனக்குப் பிரசர் கூடினால், "ராத்தாக்கு ஐ பத்து" என்பார். ஆனால் அவளிடம் ஓயாமல் குறுக்குக் கேள்வி கேட்பார். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் ஏணியில் இருந்து விழுந்த கதை பாடத்தில் வந்தது.

"அவன் ஏன் அந்த வயசில ஏணில ஏறினான்? வீட்டில ஒருத்தருமில்லயா?"

"அது எழுதல்ல. டொக்டர் எழுதாததை நாங்க யோசிக்கப்படாது எண்டு மிஸ் சென்னவ."

"பாவம், என்னத்துக்கோ ஏறியிரிக்கான்."

ஒரு நாள் கண் பாடம் வந்தது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள் போல. காகிதச் சத்தத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "ஏன் பாயிறாய்? வாசி" என்றார். அவள் வாசித்தாள். எச் ஐம்பத்தி நாலு, இரண்டு கண்ணும் பார்வையில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசி களைவதை நிறுத்திவிட்டேன். அவர் குரல் கேட்டது: "அப்ப அமெரிக்காவிலயும் எனக்கொரு நம்பர் போட்டு வெச்சிரிக்கானுகள். நல்லம்." அவள் சிரித்தாள். களைந்த அரிசியையே நான் இன்னொரு தடவை களைந்தேன்.

இந்தப் படிப்பு அவளுக்குப் பொழுதுபோக்கு அல்ல. அலுமாரியில் புதுப் பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. கட்டாரில் வீட்டு வேலைக்கு ஒரு ஏஜென்ட் ஆள் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருட ஒப்பந்தம். அவள் போனால் மஜீட்டை ஓட்டமாவடியில் அவருடைய சகோதரி வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இன்னொரு பக்கம், மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகம், பரீட்சை பாஸ் பண்ணினால் வீட்டிலிருந்தே செய்யும் வேலை தருவதாக எழுத்தில் கொடுத்திருந்தது. பரீட்சையை இரண்டு தடவை எழுதலாம், அவ்வளவுதான். பாஸ் என்றால் அவர் பக்கத்தில் இருப்பாள். இல்லையென்றால் கட்டார்.

முதல் தடவை எழுதினாள். நூறு கேள்வி, நாலு மணித்தியாலம். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். ஆனால் கெமராவுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது, வாய்விட்டு வாசிக்கக்கூடாது. ஹஸீனாவுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம்!

இருபத்து மூன்றாம் கேள்வி வரை பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறாள். இருபத்து நாலாவது நீளமான கேள்வி, நெஞ்சு நோவோடு வந்த ஒருவரின் கதை. தன்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் வந்தது: சத்தமாக வாசிக்க வேண்டாம். இந்த மனிசி என்ன செய்தாள் தெரியுமா? அந்த எச்சரிக்கையையும் சத்தமாக வாசித்தாள்! போதாததற்கு, வழக்கம்போலத் தமிழிலும் சொன்னாள். மற்ற அறைக் கட்டிலில் மூச்சுக் காட்டாமல் இருந்த மஜீட், நாலு வருடப் பழக்கத்தில், "செரி, அப்ப வாசிக்காம உடு புள்ள" என்று பதிலும் சொல்லிவிட்டார். ஆம்பிளைக் குரல் கேட்டதும் திரை மூடிக்கொண்டது. பரீட்சை அதோடு சரி.

கதையைக் கேட்டு முதலில் நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். மஜீட் அன்று சோறு தின்னவில்லை. "என்ர வாயால போச்சி ராத்தா" என்றார். "இல்ல, என்ர வாயால" என்றாள் அவள். பழியை அவர் எடுக்க, அவள் பறிக்க, நடுவில் நான் நின்றேன்.

இரண்டாம் தடவைக்கு ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், இருந்தது. பாடத்தை விட்டுவிட்டு வாயைப் பழக்கத் தொடங்கினாள். ஏலக்காய் அடக்கிப் பார்த்தாள். ஏலக்காயோடும் வாசித்தாள். முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தாள், நுனி கிழிந்தது. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படித்த அன்று, சிறுநீரகக் கல் வந்த இடத்தில் தண்ணீர் முழுவதும் புத்தகத்தில். அந்தப் பக்கம் இன்றும் பப்படம் மாதிரி நெளிந்து நிற்கிறது.

ஒரு நாள் இடியப்பம் கொண்டு போனேன். ஒழுங்கைப் பழக்கம், கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். மேசையில் புத்தகம் விரித்துக் கிடக்கிறது. அவள் பக்கத்தில் கதிரை போட்டு மஜீட் இருக்கிறார். அவருடைய இரண்டு விரல் அவள் வாயில், சொண்டின் மேல்! தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

"ராத்தா, ராத்தா! ஓடாதீங்க! படிக்கிறம்!"

உண்மையாகவே படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சொண்டு அசைந்தால் விரலால் ஒரு தட்டு. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம், மீதி ஐந்து கிழமையும். முதல் நாள் நூற்றுக்கு மேல் தட்டினாராம். ஐந்தாம் கிழமையில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு சொல்லும் காதில் விழாமல் அந்த மனிதர் எப்படி அவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டே விட்டேன். "பொழுது போகுதா தம்பி?"

"போகுது ராத்தா. கேள்வி லேசோ கஷ்டமோ எண்டு அவட மூச்சில விளங்குது. கஷ்டமெண்டா மூச்சப் புடிச்சிக்கிறா."

பரீட்சை நாள் காலை ஒன்பதரைக்கு மஜீட்டை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அதுவும் சுவரோரம் அல்ல, தெருவைப் பார்த்த முன்னறையில். என் புருஷன் அவர் பக்கத்தில் இருந்தார். மற்றப் பக்கத்து வீட்டுச் சிறுமி அம்னாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வழியில் அவளுடைய உம்மா, இன்றைக்குப் பரீட்சை என்று ஒழுங்கைப் பெண்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாளாம். சீனி கேட்டு, கறிவேப்பிலை கேட்டு, சும்மா எட்டிப் பார்த்து ஒருத்தியும் அந்த வாசலை மிதிக்கவில்லை. மீன்காரர் அப்ஹாம் ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹோன் அடிக்காமல், நடந்து நடந்து மீன் விற்றார். "ஓட்டி மீன் நல்லா இரிக்கி" என்று காதுக்குள் வந்து சொன்னார். இப்படியான சனத்தோடு குடியிருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நான் எல்லாரோடும் சண்டை பிடிக்கிறவள், நானே சொல்கிறேன்.

நாலு மணித்தியாலமும் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. நான் ஊற்றிக் கொடுத்த பிளேன்டியை மஜீட் தொடவில்லை. ஒன்றரைக்குக் கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். "நூறும் செஞ்சன். ஒருத்தரும் ஒண்டும் செல்லல்ல" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நாலாம் நாள் பின்னேரம் அஸர் தொழுது எழும்புகிறேன், சுவரில் தட்டினாள். "ராத்தா, மெயில் வந்திரிக்கி. திறக்கப் பயமா இரிக்கி, வாங்க." ஓடினேன். கண்ணாடியை எடுக்கவும் மறந்துபோனேன். மஜீட் கதிரையில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். ஏஜென்ட் காலையில்தான் பேசியிருந்தான். அடுத்த கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

அவள் திறந்தாள். கண் மேலிருந்து கீழே போனது, மறுபடி மேலே வந்தது. வாய் திறக்கவேயில்லை. மஜீட் தலையை அவள் பக்கம் சாய்த்தார். நான் திரையிடம் முகத்தைக் கொண்டுபோனேன். 'பாஸ்' என்ற அந்த நாலு ஆங்கில எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, வெறும் சிமெந்துத் தரையில், அந்த இடத்திலேயே நன்றிச் சுஜூதில் விழுந்துவிட்டாள்.

நான் சொல்லத் தேவைப்படவில்லை. கதிரை நகர்ந்ததும் துணி சரசரத்ததும் முழங்கால் தரையில் பட்டதும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மஜீட் எழும்பினார். உள்ளங்கையால் சுவரைத் தடவி, தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பினார். காலால் மெல்லத் துழாவி, அவளுக்கு ஒரு சாண் தள்ளி முழங்காலிட்டு, அவரும் நெற்றியைத் தரையில் வைத்தார்.