பேர் எழுதாத வரி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்துப்போன எங்கள் நைனா திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. திருவிழாவில் வாந்திபேதி பரவி, ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். பள்ளிப்பட்டுப் பக்கமிருந்த எங்கள் ஊரிலிருந்து உடன் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் போனதும் பேச்சு மாறியது. பட்டணத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று, நேரில் போய் விருந்து சாப்பிட்டு வந்தவர்களைப்போலச் சொன்னார்கள். அம்மாவைக் கல்யாண வீட்டுக்கு அழைப்பதா, வேண்டாமா என்று ஊருக்கே குழப்பம். அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. அந்தக் குறைக்கும் சேர்த்து எனக்கு வாய் நீண்டுவிட்டது.

யுத்த காலத்தில் என்னைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு ரயில்வே ஸ்டேஷனில் வேலை. கிராம முன்சீப் வீட்டில் பிறப்பு இறப்புப் புத்தகங்கள் இருக்கின்றன என்று அவர்தான் கேட்டு வந்து சொன்னார், என்னைக் கூட்டிக்கொண்டும் போனார். நைனா செத்திருந்தால் அதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊர் சொன்னதுதான் நிஜம்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா, எழுதியிருப்பதெல்லாம் தெலுங்கு. நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம் என்பதால் பிழைத்தேன். முன்சீப்புக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. புத்தகத்தை என் பக்கம் தள்ளி, “நீயே பாத்துக்கம்மா” என்றார். ஆடி மாதம் முழுக்கப் பார்த்தேன், நைனா பெயர் இல்லை. இன்னொரு நாள் போய் ஆவணியைப் பார்த்தேன். மூன்றாம் முறை, வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று முன்பின் வருஷங்களையும் புரட்டிவிட்டு, ஆத்திரம் தாங்காமல், “செத்தவங்களக்கூட தொலைச்சிட்டு உக்காந்துகினு இருக்கீங்களே” என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

முன்சீப் கோபிக்கவில்லை. “பேரு எழுதாத வரியெல்லாம் படிச்சியாம்மா?” என்றார்.

படிக்கவில்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘காவடி சாமி’ என்று மட்டும் இருந்த வரிகளையெல்லாம் விரலாலேயே தாண்டிப் போயிருந்தேன்.

“மாலை போட்டவங்கள யாரு பேரு சொல்லிக் கூப்புடறாங்க? எல்லாரும் சாமிதான். பக்கத்துல நடந்து வந்தவனுக்கே பேரு தெரியாது. நான் யாரைப் போய்க் கேக்கறது? ஆனா தேடிக்கினு யாராச்சும் வருவாங்கன்னு, அடையாளம் மட்டும் பாத்து எழுதி வெச்சேன்.”

மறுபடி ஆடி மாதத்தைப் பிரித்தேன். கிருத்திகைக்கு மறுநாள், மூன்றாவது வரி. ‘காவடி சாமி, ஆண், சுமார் முப்பத்தைந்து வயது, வாந்திபேதி. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை, பழைய காயம்.’ கரும்பு ஆலையில் போன விரல்கள் அவை. மிச்சமிருந்த மூன்று விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடை பழகினேன்.

“யாரு எரிச்சாங்க?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“நந்தி ஆத்தங்கரையில. அன்னிக்கு நாலஞ்சு பேரு. கொள்ளி வெக்க ஆள் இல்ல, நானே வெச்சேன். உங்க நைனா மூஞ்சி ஞாபகம் இல்லம்மா, பொய் சொல்லக்கூடாது.”

நான் அவர் காலில் விழுந்தேன். பெற்ற தகப்பன் செத்துப்போனது தெரிந்து சந்தோஷப்பட்ட மகள் நான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அடையாளம் எழுதச்சொல்லி அந்தப் புத்தகத்தில் கட்டம்கூடக் கிடையாது. ஓரத்தில் இடம் பண்ணி நுணுக்கி எழுதியிருந்தார். அந்த மனிதரை இன்றும் நான் நினைக்காத நாளில்லை.

மறுநாளே, பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா என்னை இரண்டு தரம் சொல்லச்சொல்லிக் கேட்டாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் எல்லாரும் நிற்கிற நேரமாகப் பார்த்துக் கிணற்றுக்குப் போனாள். நான் பயந்து பின்னாலேயே ஓடினேன்.

“எங்க ஊட்டுக்காரரு எங்கியும் ஓடிப்போவல. அந்தக் கிருத்திகையிலயே செத்துட்டாரு. சர்க்கார் புஸ்தகத்துல எழுதிகீது” என்றாள்.

அம்மா நிதானமாகத் தண்ணீர் சேந்தி, குடத்தை இடுப்பில் வைத்து வீடு வந்து, இறக்கிவைத்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நைனாவுக்காக வாய்விட்டு அழுதாள்.