முதல் நிகழ்ச்சியாக நன்றியுரை!

இன்று ஃபேஸ்புக்கில் ஒரு நிவாரண விழா போட்டோ. கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் பார்ப்பது கேமராவை!

உடனே என் முழங்கால் தழும்பு அரித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ப்ளஸ் ஒன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஓர் இலங்கை அகதிகள் முகாம். செட்டியார்பட்டியில் பேண்டேஜ் கம்பெனி வைத்திருந்த என் பெரியப்பா, ஒரு வேன் நிறையக் கட்டுத்துணியோடு கிளம்பினார்.

"எதுக்குப் பெரியப்பா அம்புட்டு பேண்டேஜ்?"

"ஏலே, சண்டையில இருந்து வந்தவிய. காயம் இருக்காதா?"

(மிட்டாய் கம்பெனி வைத்திருந்தால் மிட்டாய் போயிருக்கும்!)

முகாமில் முதல் மூட்டையை இறக்கும்போது, அங்கே தங்கியிருந்த ரஞ்சி அக்கா ஒரு கட்டுத்துணியை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். துணி வழியே மூக்குத்திவரை தெரிந்தது.

"தம்பி, குமர்ப்பிள்ளையள் குளிக்கிற இடத்துக்கு மறைப்பு இல்லை. றோட்டால போறவை எல்லாம் பாக்கினம். இதைக் கட்டி என்ன செய்யிறது?"

"யார்ட்டயும் சொல்லலையாக்கா?"

"ஆர் கேட்டவை?"

பெரியப்பாவிடம் ஓடினேன்.

"பொறவு பாப்போம். நீ மைக்கைப் பிடி."

அங்கேதான் தப்புச் செய்தார். மைக்கைப் போயும் போயும் என்னிடம் கொடுத்தார்!

கையில் நிகழ்ச்சி நிரல்: வரவேற்புரை, தலைமையுரை, பொருள் வழங்குதல், போட்டோ. எல்லாம் முடிந்த பிறகு ரஞ்சி அக்காவின் நன்றியுரை. அதாவது, வாங்குகிறவர் வாயைத் திறப்பதற்குள் வேன் காலியாகியிருக்கும்.

தொண்டையைச் செருமினேன்.

"முதல் நிகழ்ச்சியாக... நன்றியுரை!"

பெரியப்பா கழுத்தில் பாதி மாலை. (மீதி, போட வந்தவர் கையில்.)

அக்கா மைக்கை வாங்கினார்.

"ஐயாவுக்கு நன்றி. எங்களில ஒருத்தருக்கும் காயமில்லை. பிள்ளையள் வெக்கத்தில குளிக்காமல் இருக்கினம். வடிவா மறைக்கிற துணி ஒண்டு வேணும்."

முகாமே கை தட்டியது.

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா தாயி?"

"முன்னமே கேட்டிருக்கலாம்தானே ஐயா?"

போட்டோக்காரரே சிரித்துவிட்டார்!

பெரியப்பா திரும்பி வேனைப் பார்த்தார். அதன் மேல், சரக்கை மூடி வந்த பச்சைப் படுதா. கெட்டித் துணி.

"ஏலே, அத அவுத்து இறக்குங்கலே!"

மாலைக்குள் குளிக்கும் இடத்துக்கு நாலு பக்கமும் மறைப்பு.

அடுத்ததாகப் பெரியப்பா செருப்பைக் கழற்றினார். (நிகழ்ச்சி நிரலில் இல்லாதது.) ஓடினேன். விழுந்தேன். முழங்கால் தோல் பெயர்ந்தது.

ஆக, அந்த ஒரு வேன் கட்டுத்துணிக்கு முகாமில் கிடைத்த ஒரே காயம் என்னுடையது!

ரஞ்சி அக்கா துணியோடு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எங்க நோகுது?"

பாருங்கள் மக்களே, கேட்டுவிட்டுத்தான் கட்டினார்!