மேனேஜர் தொட்டுப் பார்த்த கழுத்து

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. தினசரித் தாளில் திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சுத் தாளில் விரல் வைத்து ஓட்டுவார். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வாசிப்பவள் பேச்சியம்மா. 2004-ஆம் ஆண்டுக் காலண்டர் மேசைக்கு வந்திருந்த சமயம், ஒருநாள் அவள் வாசிப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

“என்னக்கா, தாளப் பாக்காம என்னையவே பாக்குறீக? இன்னைக்கு அம்புட்டு அழகாவா இருக்கேன்?”

நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். தலை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதை நான் திருப்பவில்லை.

இதே கழுத்து நோயோடு இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். முதலில் சிரிப்பு, பிறகு வலி. வலது கழுத்தில் ஒரு தசை கயிறு மாதிரி புடைத்து, முகத்தை இடது தோளுக்கு இழுத்துக்கொண்டு போனது. நேராக்கினால் நடுங்கிக்கொண்டே திரும்பிவிடும். தெருவைக் கடக்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

வீட்டில் எல்லோரும் சுளுக்கு என்றார்கள். தலையணையை வெயிலில் காயவைத்தோம். கால் முதலில் வெளிவந்து பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் வீட்டுக்காரர் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து என்னை அவர் முன்னால் பாயில் குப்புறப் படுக்கவைத்தார். அந்த ஆள் என் பிடரியில் காலை வைத்து மிதித்த மிதியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. எழுந்தபோது தலை இன்னும் அதிகமாகத் திரும்பியிருந்தது.

இதற்கிடையே நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன். தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் தலை தானாக நேரே வந்துவிடும். அழுத்தவே வேண்டாம், தொட்டால் போதும். விரலை எடுத்தால் பழையபடி திரும்பிவிடும். ஒரு கையைத் தாடையிலும் மறு கையைத் தாளிலும் வைத்துக்கொண்டு ப்ரூஃப் பார்த்தேன். அந்த விரல்தான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் மேனேஜரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருஷ ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்ததும், முதலாளி முன்னிலையில், அத்தனை வேலைக்காரர்களுக்கும் நடுவே என்னை நிறுத்தினார்.

“செல்வராணி, வெரல எடு.”

எடுத்தேன். தலை திரும்பியது.

“வெரல வையி.”

வைத்தேன். நேரே வந்தது.

“பாத்தீகளா மொதலாளி? நெசமான நோவுன்னா ஒத்த வெரலுக்கு நிக்குமா? சீசன் நேரத்துல வேலைக்கு டிமிக்கி குடுக்க இம்புட்டு நடிப்பு!”

எடுக்கச் சொல்லி, வைக்கச் சொல்லி, மறுபடியும் எடுக்கச் சொல்லி வேடிக்கை காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மா மட்டும் குனிந்துகொண்டாள். மறுநாள் என்னை ப்ரூஃப் மேசையிலிருந்து தூக்கி, காலண்டர்களைக் கட்டுக் கட்டும் பகுதியில் போட்டார்கள். பதினோரு வருஷம் உட்கார்ந்த நாற்காலி அது. அதை இழந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். நடிக்கிறவள் என்ற பெயர் அச்சகத்தைத் தாண்டித் தெருவுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சின்னப் பெண்கள் விரலைத் தாடையில் வைத்து என்னைப்போல் செய்துகாட்டிச் சிரித்தார்கள். அந்த மனிதர் தன் வாயாலேயே, அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், இது நிஜம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போய்ச் சேர மேலும் சில மாதங்கள் ஆயின. அந்த அம்மா என்னை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“எங்கயாவது தொட்டா தலை நேராகுதா?”

நான் விரலைத் தாடையில் வைத்துக் காட்டினேன்.

“இந்த நோய்க்கு இதுதாம்மா அடையாளம். பாதிப் பேருக்கு மேல இப்படி ஏதாவது ஒரு இடம் இருக்கும்” என்றார்.

அந்த அறையிலேயே அழுதேன். டாக்டர் ஆறுதல் சொன்னார். ஆறுதலுக்கான அழுகை இல்லை அது. எந்த விரலைக் காட்டி மேனேஜர் என்னை நடிக்கிறவள் என்றாரோ, அந்த விரல்தான் நோய்க்குச் சாட்சி. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

நோயின் பெயர் கழுத்து டிஸ்டோனியா (மூளை தவறாக ஆணையிடுவதால் கழுத்துத் தசைகள் தாமாகவே முறுக்கிக்கொள்ளும் நோய்). சிகிச்சை, பொட்டுலினம் டாக்சின் ஊசி (நரம்பிலிருந்து தசைக்குப் போகும் ஆணையைத் தடுத்து, தசையைத் தளர்த்தும் மருந்து).

“இது விஷந்தாம்மா. கெட்டுப்போன சாப்பாட்டுல வளர்ற ஒரு கிருமியோட விஷம். துளியிலும் துளியா, முறுக்கிக்கிற தசையில மட்டும் போடுவோம். நோய் போகாது. மூணு மாசம் அடங்கியிருக்கும். திரும்பத் திரும்பப் போட்டுக்கணும்.”

“எம்புட்டு நாளைக்குங்க?”

“வருஷக்கணக்கா. அவசரப்பட்டு அடிக்கடி போட்டா, உடம்பு பழகிப்போய் மருந்து கேக்காது.”

ஊசியோடு சேர்த்து ஒரு கருவியையும் மாட்டினார்கள் (தசைக்குள் ஓடும் மின்சாரத்தைச் சத்தமாக மாற்றித் தருவது). ஊசி சரியான தசைக்குள் இறங்கியதும் அது படபடவென்று பொரிந்தது. என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர். கதவருகே நின்றவர் பதறிப்போனார். “ஏ புள்ள, சரவெடி வெடிக்குற மாதிரில்ல கேக்குது” என்றார். என்னை மிதிக்கவைத்த மனிதர் அன்றைக்குத்தான் என் கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்று காதால் கேட்டார்.

இரண்டாவது வாரம் தலை நேரே நின்றது. சாப்பாடு தொண்டையில் சிக்கியது, வாய் உலர்ந்தது, குரல் கம்மியது. ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்து சாப்பிட்டேன். உங்களுக்கும் இப்படி ஆகலாம், பயப்படாதீர்கள். சில வாரங்களில் சரியாகும். விழுங்கவே முடியாமல் போனாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். செலவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது தனி எரிச்சல்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தலை நேராக இருக்கும்படி ஊசிக்கு நாள் பார்த்தேன். நிமிர்ந்து நின்று அவர் கண்ணைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், சிரித்தார்.

“பாத்தீகளா? அன்னைக்கு நாலு பேரு முன்னால வச்சுக் கேட்டேன்ல, அதுல நடிப்பெல்லாம் எறங்கிருச்சு. நாந்தான் வைத்தியம் பாத்தது!”

மறுபடியும் சிரிப்பு. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊசி போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கம்மிய குரலில் காற்றுதான் வந்தது. நான் குணமானதையும் அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆடி மாத ஊசிக்கு நான் போகவில்லை. மருந்தின் வேகம் முழுதாக இறங்கட்டும் என்று விட்டேன். ஆவணியில் தசை துடிக்கத் தொடங்கியது. புரட்டாசியில் முகம் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. வாய் போன பக்கம் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏ புள்ள, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“கிறுக்குதான். ஆயுத பூச முடியட்டும், எறங்கிரும்.”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பூஜையன்று மேனேஜர் மெஷின் மெஷினாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

“என்ன செல்வராணி, நாடகம் திரும்ப ஆரம்பிச்சிருச்சா?”

அவருடைய வலது கையைப் பிடித்தேன். சந்தனக் கையோடு என் கழுத்தில், புடைத்திருந்த அந்தத் தசை மேல் வைத்து, என் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டேன். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம் இது.

“அண்ணாச்சி, தங்கச்சி கழுத்துதான, கூச்சப்படாதீக. நல்லா அமுக்குங்க. நடிப்பத் தடுத்து நிறுத்துங்க பாப்போம்.”

தசை அவர் உள்ளங்கைக்குள் வெட்டி வெட்டி இழுத்தது. அவர் கையை உருவப் பார்த்தார். நான் விடவில்லை.

“எடுக்காதீக. போன வருசம் நீங்கதான வைத்தியரு?”

அவர் விரல்கள் நடுங்கியதை என் தோலில் உணர்ந்தேன்.

“என்னய்யா அது?” என்று முதலாளி கேட்டார்.

மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. “மொதலாளி… நெசமாத்தான் துடிக்குது. உள்ள என்னமோ கெடந்து இழுக்குது” என்றார்.

இன்னொரு தரம் சொல்லவைத்தேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது அல்லவா. பிறகுதான் கையை விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி என்னை மறுபடி ப்ரூஃப் மேசைக்கே போகச் சொன்னார். பேச்சியம்மா என் கழுத்திலிருந்த சந்தனத்தைத் துடைக்க வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் அம்மா கடுமையாகத் திட்டினார். அடக்கிவைத்த தசை மறுபடி தலைதூக்கியிருந்தது. பழைய நிலைக்கு வர மேலும் இரண்டு ஊசிகள் பிடித்தன. ஆகையால் நீங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நான் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். மறுபடி அந்த நாள் வந்தால் மறுபடியும் அதைத்தான் செய்வேன்.

இப்போதெல்லாம் மாதங்கள் எனக்குக் காலண்டரில் இல்லை. மருந்து ஏறும் நாட்கள், தலை நிமிர்ந்திருக்கும் நாட்கள், இறங்கும் நாட்கள் என்றுதான் உடம்பு நாளை எண்ணுகிறது. வரப்போகும் வருஷத்தின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தேதியில் என் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசிக்கிறேன்.

மருந்து இறங்கும் வாரங்களில் கழுத்துக்குள் முதல் துடிப்பு வரும்போது இப்போது எனக்குப் பயம் வருவதில்லை. என் கழுத்தில் பிடிபட்ட அவர் விரல்களின், அந்த மேனேஜர் விரல்களின் நடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வாரங்களில் மேனேஜர் எங்கள் மேசைப் பக்கம் வருவதில்லை. வந்தே ஆக வேண்டியிருந்தால் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். என் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதை நான் பார்த்துவிடுகிறேன்.