சாரல் சீசனும் ஒற்றைக் கழிப்பறையும்

எங்கள் வீடு தென்காசியில். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான்! இருப்பதோ ஒரே கழிப்பறை. காலையில் அருவிக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். விருந்தாளிகள் முதலில் போகட்டும் என்று, எனக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு இட்லி அவிப்பேன். குளிர்ந்த காற்றில் தாகம் எடுக்காததால் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை.

போன சீசனில் சில நாட்கள் மலமே போகாமல் வயிறு கல்லாகிவிட்டது. பிறகு திடீரென்று தண்ணீராகப் போனது! “அருவித் தண்ணி ஒத்துக்கல மதினி” என்று என் நாத்தனார் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தாள். போட்டேன். அவ்வளவுதான், வயிறு உப்பி, வலியில் சுருண்டுவிட்டேன்!

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். “இது பேதி இல்லம்மா! பெருங்குடல்ல மலம் இறுகி அடைச்சிருக்கு. அதைச் சுத்தித்தான் தண்ணி கசியுது. அடக்கி அடக்கியே குடல் அசைய மறந்துபோச்சு. மாத்திரை அதை இன்னும் முடக்கிருச்சு.” எனிமா கொடுத்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இந்த சீசனிலும் வீடு நிறைய ஆட்கள். ஆனால் நான் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிறேன். உணர்வு வந்த நிமிடமே கழிப்பறைக்குள் போய்விடுகிறேன். நேற்று நாத்தனார் கதவைத் தட்டினாள்.

“மதினி, சீக்கிரம் வாங்க! அருவியில கூட்டம் சேந்துரும்!”

“அருவி எங்கனயும் போயிராது. நில்லு ஏட்டி!” என்றேன், உள்ளே இருந்தபடியே.