172-இல் நின்ற ஜாப்

நம்பினா நம்புங்க, கண்ணுங்களா. நம்பாட்டியும் கேளுங்க. செம்மொழி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது இது. சொல்லும்போதும் அவள் கை சில்லிட்டுத்தான் இருந்தது.

தஞ்சாவூரில் ஓர் உரக்கடை மாடியில் கார்ட்டூன் கம்பெனி. கண்ணாடி அறைக்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். கறுப்புத் திரையில் பெயரும், ஃப்ரேம் எண்ணும், அதாவது எந்தப் படத்திலிருந்து எந்தப் படம் வரை என்றும் தட்டி ஜாப் போட்டால், அவை வரிசைப்படி படங்களை ரெண்டர் செய்து, முழுசாகத் தீட்டித் தள்ளும். நம்ம முறைத் தண்ணி மாதிரிதான். முன்னால் இருப்பவர் பாய்ச்சி முடித்தபிறகே அடுத்த வயல்.

அங்கே வேலை பார்த்த செம்மொழிக்கு அன்று அவசரம். சாயங்காலத்துக்குள் தன் படங்களை அனுப்பாவிட்டால் வேலை போய்விடும். வரிசையில் முன்னால், கூட வேலை பார்க்கும் நெய்னா முகம்மது அண்ணனின் ஜாப். 240 ஃப்ரேமில் 172 முடிந்திருந்தது. ஒரே ஒரு வரி தட்டி அதை நிறுத்தினாள். அடுத்தவர் மடையை அடைத்துவிட்டாள்.

3:42-க்குத் திருவையாற்று வீட்டிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"என் ஜாப் நின்னிருக்கேம்மா?"

"தானா நின்னுடுச்சு போலண்ணே..."

"அதுக்கும் மத்தியானத் தூக்கமா! சரி, நான் வரேன்."

வரவில்லை. குடமுருட்டிப் பாலத்தில் வைக்கோல் லாரி மோதி, அங்கேயே போய்விட்டார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு ஆபீஸே அவர் வீட்டுக்குப் போனது. செம்மொழிக்கு மட்டும் போக முகமில்லை. தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல வெயில்.

மணி 3:42.

கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் விசிறிகள் 'ஹூம்ம்ம்...' என்று சுற்றத் தொடங்கின. அவள் எதுவும் போடவில்லை.

திரையில் ஒரு ஜாப். பெயர்: நெய்னா. ஃப்ரேம்: 173 முதல் 240. அனுப்பியது: அவருடைய கம்ப்யூட்டர்.

திரும்பிப் பார்த்தாள். அது அவர் மேசையில்தான் இருந்தது... ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தபடி.

ஜாப்பை நிறுத்தினாள்.

3:44. மறுபடி வந்தது. 173...

நிறுத்தினாள். விரல் தப்புத் தப்பாக அடித்தது.

3:46. வந்தது. இந்தமுறை குறிப்புக் கட்டத்தில், ஒவ்வோர் எழுத்தாக...

'கோபமில்லம்மா. பயப்படாத.'

"அண்ணே... நான்தான் நிறுத்தினேன்!"

விசிறிகள் நின்றன.

வரிசை காலி.

மறுநாள் அண்ணன் மனைவி தஹ்மீனாவிடம் போய், ஜாப்பை நிறுத்தியதையும் பொய் சொன்னதையும் சொல்லி அழுதாள். முந்தின நாள் திரையில் வந்ததை மட்டும் சொல்லவில்லை.

"தெரியும்மா" என்றார் தஹ்மீனா. "யார் நிறுத்தினாங்கன்னு அப்பவே அவர் போனுக்கு மெயில் வந்துடுச்சு. உன்கிட்டப் பேசுறதுக்கு முன்னாடியே பார்த்துட்டார்."

"அப்போ... ஜாப்பை வீட்டிலேர்ந்தே மறுபடி போட்டிருக்கலாமே அக்கா?"

"போட்டிருக்கலாம். 'பொய் சொல்லிட்டு அந்தப் பொண்ணு தவிச்சுக்கிட்டிருக்கும். நேர்ல ரெண்டு வார்த்தை சொல்லாம திரும்ப மாட்டேன்'னு வண்டியை எடுத்தார்."

"என்ன... வார்த்தை?"

"கோபமில்லம்மா, பயப்படாத. அவ்வளவுதான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

செம்மொழி சட்டென்று நிமிர்ந்தாள். தஹ்மீனா அவள் முகத்தையே பார்த்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"சொல்லிட்டாரா?"