தொடப்பத்தோடு படித்த இங்கிலீஷ்

தண்ணீர் தெளித்த புழுதியின் வாசனை வந்தால் ஊர் உலகத்துக்கெல்லாம் மழை நினைவுக்கு வருமாம். எனக்கு இங்கிலீஷ் வகுப்புதான் நினைவுக்கு வரும். அறுபதுகளின் தொடக்கத்தில், நான் தொம்மலூரில் ஐந்தாவது படித்தபோது, வினைச்சொல்லைச் செய்துகொண்டே சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று எங்கள் வாத்தியார் (அந்த ஊர்க் கன்னடத்தில் "மேஷ்ட்ரு") ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒருவன் எழுந்து நடந்தபடி "ஐ வாக்" என்பான். அவனைக் கைகாட்டி மற்ற எல்லாரும் "ஹீ வாக்ஸ்" என்று கத்துவோம். முறை நல்ல முறைதான், அது யார் கையில் சிக்கியதோ அந்த ஆள்தான் அற்பம்.

ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளுக்கு "ஐ ரீட்", "ஐ ரைட்", "ஐ சிட்". பங்களாக்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு "ஐ வாஷ்", "ஐ கேரி", "ஐ ஸ்வீப்". அந்த மகானுபாவரின் சைக்கிள் பளபளத்தது, பானை நிறைந்தது, வகுப்பறை சுத்தமானது, இலக்கணமாம் இலக்கணம்! தண்ணீர் தெளித்துப் புழுதியைப் பெருக்கும் தொடப்பம் மட்டும் வருஷம் முழுக்க ராஜம்மாவுக்கே. அவள் அம்மா ஒரு பங்களாவில் பெருக்குகிறவள். மகளாவது தொடப்பத்தைத் தொடக்கூடாது என்றுதான் பள்ளிக்கு அனுப்பினாள்.

"எம்பொண்ணு ஒக்காந்து படிக்கணும் சார், அது போதும்" என்று அவள் எங்கள் முன்னாலேயே கும்பிட்டுக் கேட்டாள். "ரத்தத்துல ஊறின வேலைம்மா, அதுலயே இங்கிலீஷ் சீக்கிரம் வரும்" என்று பல்லைக் காட்டினார் அந்த ஆள்.

ஒருநாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். தன் முறையைக் காட்டிப் பேர் வாங்கும் அவசரத்தில், மேஷ்ட்ரு ராஜம்மாவை அழைத்துத் தொடப்பத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. நேராகப் போய் அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "ஐ சிட்" என்றாள். பிறகு தொடப்பமும் கையுமாக நின்றவரைக் காட்டி, "ஹீ ஸ்வீப்ஸ்" என்றாள். பழக்கதோஷம், நாங்கள் அத்தனை பேரும் கூரை அதிர "ஹீ ஸ்வீப்ஸ்!" என்று கத்தினோம். அப்பப்பா, அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

"இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் நழுவினார். மறுநாளே "திமிரு புடிச்ச பொண்ணு, இங்க ஆகாது" என்று சொல்லி ராஜம்மாவைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிட்டார் மேஷ்ட்ரு. அவ்வளவுதான் அவர் வீரம்.

இப்போது பள்ளி இருந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ் நிற்கிறது. எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்லை. போன வருஷம் பழைய மாணவர்கள் கூடி, செத்துப்போன மேஷ்ட்ருவின் படத்துக்கு மாலை போட்டு உருகினார்கள். ராஜம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

"எந்த ராஜம்மா?" என்றான், அவள் பெருக்கிய தரையில் உட்கார்ந்து படித்தவன்.