கும்பிடவும் கறிக்கும் ஒரே பட்டி

மாடு வளர்த்துப் பிழைக்கிறவனிடம் எங்கள் சனம் இரண்டே இரண்டு காரியத்துக்குத்தான் வரும்: ஒன்று கும்பிட, மற்றது கறிக்கு. இரண்டு கூட்டத்தையும் ஒரே படலையால் உள்ளே விட்டு, மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதுதான் தொழில். மாடு மேய்ப்பது அதில் சுகமான பகுதி. கடை நடத்துகிறவர்கள், கேற்றரிங் செய்கிறவர்கள், வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிறவர்கள் என்று எங்கள் சனத்தோடு வியாபாரம் செய்து மெலிந்துபோன சகபாடிகளுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருந்து பல வருஷம் லொறி ஓட்டியவன். தீவுப்பகுதிக் கத்தோலிக்கன். என் மனைவி பவானி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். மாட்டிறைச்சி வாசம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே கொஞ்ச நிலம் வாங்கி இறைச்சி மாடு வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவள் சண்டை பிடிக்கவில்லை. கணக்கைத் தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுச் சட்டம் போட்டாள். மாட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது. சினைப்படாத மாட்டுக்குக் குளிர்காலத் தீனி போடக் கூடாது. எந்த மாட்டை எந்த நாள் வெட்டக் கொண்டு போகிறேன் என்று தனக்குச் சொல்லவே கூடாது. அலுவலகத்தில் வருஷக் கணக்காகக் கணக்குப் பார்த்தவள் போட்ட சட்டம், நான் மறுபேச்சுப் பேசவில்லை.

கொம்பின் அகலம்

எங்கள் நிலம் கல்லும் மேடுமானது. நல்ல புல் ஒரு பங்கு என்றால் களை இரண்டு பங்கு. அதைத் தின்று உடம்பு வைக்க லோங்ஹோர்ன் என்ற இன மாட்டால்தான் முடியும் என்று விசாரித்து அறிந்துகொண்டேன். தானியம் கேட்காது, குளிரைத் தாங்கும், கன்று போட ஆள் தேவையில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருக்கும். சின்னப் பட்டிக்காரனுக்கு மிருக வைத்தியர் வராத நாளெல்லாம் லாபமான நாள்.

ஆனால் ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்து நின்றாலும் எட்டாத அகலத்துக்குக் கொம்பு. ஏல விற்பனைக்குக் கொண்டுபோனால் கொழுப்பில்லை, கொம்பு இடத்தை அடைக்கிறது என்று விலையைக் குறைப்பார்கள். அதனால் ஏலத்தை விட்டு, வீடு வீடாக நேரே விற்பது என்று முடிவெடுத்தோம். முதல் மாடுகள் இறங்கிய அன்று பக்கத்துப் பண்ணை வால்ற்றர் வேலியில் சாய்ந்து நின்று நெடுநேரம் பார்த்தார். பரம்பரையாகக் கறுப்பு மாடு வளர்க்கிறவர். கடைசியில் ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: “நீ வாங்கினது கொம்பு. மாடு அதோடு சும்மா வந்திருக்கிறது.”

ஸ்ரேக் படுத்தின பாடு

முதல் மாட்டை வெட்டுமிடத்துக்காரர் தங்கள் வழக்கப்படி தடித்த தடித்த ஸ்ரேக்காகவும் ரோஸ்ற்றாகவும் அறுத்துத் தந்தார்கள். அழகாகப் பொதி செய்து ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் மாதா கோயில் சனத்துக்குக் கால் பங்கு, அரைப் பங்காகக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் மன்னாரைச் சேர்ந்த மேரி அன்ரி வாசலிலே காத்திருந்தா. புல்லில் வளர்ந்த இறைச்சிக்கு மெதுவான நெருப்பு வேண்டும், கொழுப்புக் குறைவு என்பதால் கொஞ்சம் எண்ணெய் கூட விடலாம் என்று நான் பாடமாக்கி வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்கினேன். அன்ரி அதைக் காதில் போடவில்லை.

ஸ்ரேக் முழுவதையும் பலகையில் வைத்துச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கறி வைத்தாவாம். எலும்பு இல்லாத கறியும் ஒரு கறியோ என்று அவவின் மனுசன் முகத்தைச் சுழித்தாராம். எலும்பு, குடல், வால் எல்லாம் எங்கே போனதென்று கேட்டா. அவை எல்லாவற்றையும் நான் வெட்டுமிடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு எலும்போடு கறித்துண்டாக வெட்டச் சொல்லி, குடலையும் வாலையும் கேட்டு வாங்கினேன். எங்கள் பண்ணை முதன்முதலாகக் கையைக் கடிக்காமல் ஓடியது அதற்குப் பிறகுதான். அன்ரி அன்று சொன்னது: “கறி திறம் தம்பி, ஆனா காசும் தந்து கையும் நோகவேணுமெண்டு எங்கயும் சட்டமில்லை.”

கராஜுக்குள் குடிபூரல்

ஸ்ரௌவ்விலில் புதுவீடு வாங்கிய ஒரு பொடியன் போன் எடுத்தான். குடிபூரலுக்குக் கன்றோடு பசு வேண்டும், ஐயர் கட்டாயம் என்கிறார், டொரொன்ரோ முழுக்கத் தேடிவிட்டேன் என்றான். நான் இல்லையென்று சொல்லும்முன் பவானி போனை வாங்கி ஓம் என்றுவிட்டாள். பட்டியில் கன்றோடு சாதுவான சிவப்புப் பசு ஒன்று நின்றது. காதில் இலக்கம் மட்டுந்தான் அதற்கு. பவானி மட்டும் “பிள்ளை” என்று கூப்பிடுவாள். சட்டத்தை ஞாபகப்படுத்தினால், பிள்ளை என்பது பெயரில்லை என்பாள்.

ட்ரெய்லர் வாசலுக்குள் அந்தக் கொம்பு நேராகப் போகாது. தலையைச் சரித்து ஒரு கொம்பை முதலில் விட்டு, பிறகு மற்றதை எடுக்க வேண்டும். பவானி உள்ளே நின்று வாழைப்பழம் காட்டிக் காட்டி அதைப் பழக்கினாள். முதலில் நெற்றியில் குங்குமம், பிறகு பழம், பிறகு ஏற்றம். அந்த ஒழுங்கு மாட்டுக்குப் பாடமாகிவிட்டது. குடிபூரல் அன்று வீட்டு முன்கதவு அந்தக் கொம்புக்குச் சரிவராது என்று கண்டதும் ஐயர் கொஞ்சம் யோசித்து, கராஜும் வீட்டோடு சேர்ந்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னார். பிள்ளை கராஜுக்குள் போய், கூரையைப் பார்த்து, சுவரை மோந்து, மூலையைச் சுற்றி வந்து, நடு நிலத்தில் சாணமும் போட்டது. வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். பொடியன் பவானியிடம் சொன்னான்: “அன்ரி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆள்கூட வீட்டை இவ்வளவு வடிவாய்ப் பார்க்கேல்லை.”

பட்டிப் பொங்கல்

அதன்பிறகு வார இறுதிகளில் பிள்ளைக்கு ஓய்வில்லை. றிச்மண்ட் ஹில், மார்க்கம் என்று புது வீடுகளாக ஏறி இறங்கியது. தை மாதம் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு எங்கள் பண்ணைக்குப் பட்டிப் பொங்கலுக்கு வருவார்கள். பனிக்குள் அடுப்பு மூட்டி, தடித்த ஜக்கெற்றுக்கு மேலே சால்வை போட்டுக்கொண்டு பொங்குவார்கள். ஒரு கொம்பில் தொடங்கிய மாலை மறு கொம்புக்கு எட்டாது. இரண்டு மாலையை முடிந்து கட்டுவோம். பவானி அன்று முழுவதும் சிரித்த முகத்தோடு நிற்பாள். அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கும், உள்ளுக்குள் பயமாகவும் இருக்கும். இந்த மாடுகள் வயது போனால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

ஒருவரும் கேட்கவில்லை. பரமு அண்ணை என்று ஒருவர், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், பொங்கல் கோப்பையோடு என்னை மெல்லக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மனைவிக்குத் தெரியாமல் அரைத்த இறைச்சி ஒரு பெட்டி காரில் வைக்க முடியுமா என்றார். நான் அவர் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: “நான் கும்பிட்டது இந்த மாடு, கேக்கிறது வேற மாடு.”

மழை பெய்யாத கோடை

போன கோடையில் மழை இல்லை. ஆடி முடியமுன்னம் புல் காய்ந்துவிட்டது. குளிர்காலத்துக்கென்று சுருட்டி வைக்கும் புல் உருளைகள் வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை. விலைக்கு வாங்கலாம் என்றால் எல்லோருக்கும் அதே நிலைமை. வால்ற்றரே மாடுகளைக் குறைக்கத் தொடங்கிவிட்டார். இலையுதிர் காலத்தில் மிருக வைத்தியர் வந்து பசுக்களைச் சோதித்தார். பிள்ளை சினைப்படவில்லை. பல்லும் தேய்ந்துவிட்டது, தீனி கிடைத்தாலும் இந்தக் குளிரைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். கன்றில்லாத பசுவைக் குடிபூரலுக்கும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பவானி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சட்டம் அவளுடையது. இருந்தாலும் நான் அவளுக்குத் தெரியாமல், பிள்ளை காலடி வைத்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டேன். எங்காவது காணி உள்ள சொந்தக்காரர் இருந்தால், கொட்டிலும் தீனியும் கொடுத்து வைத்திருக்க யாராவது முன்வந்தால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லோரும் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஒருவர் அழுதேவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நாய் வளர்க்கவே விடுகிறாரில்லை என்றார் மற்றவர். எனக்கு அவர்களில் கோபம் வரவில்லை. அவர்களுக்கு இருப்பது வீடு, காணியில்லை. ஆனால் மார்க்கத்தில் இருந்து ஓர் அம்மா சொன்னது மட்டும் நெஞ்சிலே தங்கிவிட்டது: “உந்தப் பாவத்தை மட்டும் செய்துபோடாதேங்கோ தம்பி, வேற என்ன உதவியெண்டாலும் கேளுங்கோ.”

தலையைச் சரித்து

வெள்ளிக்கிழமை காலையில் பவானி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போவாள். அந்த நேரத்தைத்தான் தெரிந்தெடுத்தேன். அவள் கார் படலையைத் தாண்டியதும் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி, வால்ற்றரைத் துணைக்குக் கூப்பிட்டு, தீனி வாளியைக் காட்டினேன். பிள்ளை ஏறுபலகை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்று வீட்டுப் பக்கம் பார்த்தது. தள்ளினோம், கூப்பிட்டோம். கொம்பு வாசலுக்குக் குறுக்கே தடியாக நின்றது. வால்ற்றர் பின்னால் நின்று கையைத் தட்டியதும் மாட்டின் கண் பிதுங்கி வெள்ளை தெரிந்தது. அந்த மாடு பயந்து நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

பவானியின் கார் திரும்பி வந்தது. முதல் நாளே லொறியில் ட்ரெய்லர் கொழுவி நின்றதைப் பார்த்திருக்கிறாள். கோயில் சேலையோடு இறங்கினாள், வாசலில் கிடந்த பண்ணைச் சப்பாத்தைப் போட்டாள், உள்ளே போய் வாழைப்பழமும் குங்குமமும் எடுத்து வந்தாள். நெற்றியில் பொட்டு வைத்து, ட்ரெய்லருக்குள் போய் நின்று கூப்பிட்டாள். பிள்ளை தலையைச் சரித்தது. ஒரு கொம்பு உள்ளே போனது, பிறகு மற்றது. நேராக நின்று பழத்தைத் தின்றது. வால்ற்றர் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீர் வீட்டில் இரும் என்றேன். அவள் மற்றப் பக்கக் கதவைத் திறந்து லொறியில் ஏறி இருந்தாள். பெல்ற்றைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: “குடிபூரலுக்கெண்டு நினைச்சுக்கொண்டு ஏறியிருக்கிறா. அங்க இறங்கேக்கை என்னைக் காணேல்லை எண்டா பயந்திடுவா.”

அடுத்த போன்

வெட்டுமிடத்தில் பிள்ளைக்கு முன்னால் நடந்ததும் அவள்தான். அங்கே வேலை செய்கிறவர் மாட்டின் நெற்றிச் சிவப்பைக் காட்டி, காயமா என்று விசாரித்தார். பவானி இல்லையென்று தலையாட்டி, கடைசிப் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டொரு கிழமையில் அரைத்த இறைச்சிப் பெட்டிகள் வந்தன. பரமு அண்ணை வந்து ஒன்றை எடுத்தார். எந்த மாடு என்று அவர் கேட்கவில்லை. என் வாயும் எழும்பவில்லை. வாங்கிய காசை வழக்கம்போலப் பவானியின் மேசையில் வைத்தேன். அவளும் வழக்கம்போலக் கணக்கில் ஏற்றினாள்.

அவர் கார் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்ரௌவ்விலில் இன்னொரு புதுவீடு. பசு இல்லையென்று சொல்லி நான் வைக்கப்போன போனைப் பவானி என் கையிலிருந்து வாங்கினாள். பட்டியில் பிள்ளையின் மகள் நின்றது, இந்த வருஷந்தான் முதல் கன்று போட்டது. பவானி ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: “கண்டோட பசு இருக்கு. தலை சரிக்க இன்னும் தெரியாது, நான்தான் பழக்கவேணும். கொஞ்சம் பொறுப்பியளோ?”

லோங்ஹோர்ன் வளர்த்தால் லாபம் வருமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, வரும், ஆனால் வாழைப்பழச் செலவையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.